வீட்டுக்குள் எட்டு வெள்ளைக் கோடுகள்

காயாத பெயிண்ட் மீது சைக்கிள் விட்டவனைத்தான் என் மனைவி கட்டிக்கொண்டாள். அந்த ஆள் நான்தான். அப்போது பேக்கரியில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். விடிந்தும் விடியாத வேளையில் ரொட்டிக் கூடையோடு போனவன், அவள் அப்போதுதான் போட்டு முடித்திருந்த வெள்ளைக் கோட்டின் மேல் ஏற்றிவிட்டேன். பின்னால் என் டயரும் தன் பங்குக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டே வந்தது. அவள் பிரஷ்ஷும் கையுமாகத் துரத்தி வந்து என் சட்டைக் காலரைப் பிடித்தாள். "நீங்க போட்ட கோட்டை நீங்களே அழிச்சுட்டுப் போங்க" என்றாள். முட்டி போட்டு அழித்தேன். அழித்துக்கொண்டிருக்கும்போதே இவளை விடக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். அன்று கூடையில் இருந்த பன் அத்தனையும் அவளுடைய ஆட்கள் வயிற்றுக்குள் போனது வேறு கதை.

சாலையில் கோடு போடுவதுதான் அவள் தொழில். ஆறு ஆண்களுக்குத் தலைமை. எல்லோரும் அவளைக் 'கோடக்கா' என்பார்கள். இந்த வேலைக்கு அவள் வந்ததற்குக் காரணம் அவளுடைய அப்பா, அதாவது என் மாமா. அவர் முப்பத்து நாலு வருஷம் பஸ் ஓட்டியவர். சாப்பாட்டு மேசையில் தினமும் ஒரே புலம்பல்: "கோடு தெரிஞ்சாத்தானே பிரேக் போட முடியும்? பெயிண்ட்ல தண்ணியக் கலந்து அடிக்கிறானுங்க." மகன் இதைக் கேட்டதும் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாராம். மகள் கேட்டுக் கேட்டு, படிப்பு முடிந்த கையோடு அந்த வேலையிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். எங்கள் வாசலுக்கு நேரே, நடக்கிறவர்கள் சாலையைக் கடக்க ஒரு ஜீப்ரா கோடு இருக்கிறது. அவள் போட்டதுதான். வருஷத்துக்கு ஒரு முறை அடித்தால் போதும் என்பது விதி. அவள் மூன்று முறை அடிப்பாள். கேட்டால், "அப்பா ஜன்னல்ல இருந்து பாக்குறாரு" என்பாள்.

அந்த மாமாவுக்குத்தான் பார்க்கின்சன் வந்தது. முதலில் ஒரு விரல், பிறகு கை. அப்புறம் நடை சுருங்கியது. ஆறு வருஷத்தில் அறைக் கதவைத் தாண்டுவதற்குள் கால் அப்படியே நின்றுவிடும் நிலைக்கு வந்தார். ஒரு நாள் அந்தக் கதவடியிலேயே விழுந்து நெற்றியில் நாலு தையல்.

மறுநாளே மச்சான் வந்து இறங்கினார். என் மனைவியின் அண்ணன். அலுவலகம் அலுவலகமாகப் போய்த் தீயணைப்புச் சாதனங்களைச் சோதிப்பது அவர் வேலை. அவரைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை இடங்கள்தான்: விபத்து நடந்த இடம், நடக்கப் போகும் இடம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பையனாக இருந்தபோது லீவு நாட்களில் அப்பா பஸ்ஸில் முதல் சீட்டில் உட்கார்ந்து குட்டிக் கண்டக்டராகச் சுற்றியவர் அவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் மாமா திரும்பாமலே கேட்பாராம்: "எல்லாரும் ஏறிட்டாங்களாடா?" இவர் கத்துவாராம்: "ஏறியாச்சுப்பா, ரைட்!" அந்தப் பையன் எங்கே போனானோ தெரியாது. வந்தவர் கையில் முதியோர் இல்லத்து விண்ணப்பம் இருந்தது.

"ஒரு மாசம் டைம் தர்றேன்" என்றார் தங்கையிடம். "படுக்கையிலேர்ந்து வாசக்கதவு வரைக்கும் போய்த் திரும்பி வரணும். யாரும் புடிக்கக் கூடாது. முடியலன்னா நான் கூட்டிட்டுப் போறேன். இன்னொரு தடவ விழுந்தா தாங்க மாட்டாரு."

மாமா நெற்றிக் கட்டோடு கேட்டார்: "அங்க ஜன்னல்லேர்ந்து ரோடு தெரியுமா?"

"தோட்டம் தெரியும்ப்பா. பெரிய தோட்டம்."

"தோட்டத்த வச்சுக்கிட்டு நான் என்னடா பண்றது?"

மச்சான் விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மச்சான் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார், அவ்வளவுதான். எனக்கு அது அப்போது புரியவில்லை, எரிச்சலாக வந்தது.

பேக்கரி வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும் என்பதால் எங்கள் வீட்டு அடுப்படி என் ராஜ்ஜியம். எனக்கு எல்லாமே கிராம் கணக்கு. தெம்பு இல்லாததால்தான் மாமாவுக்குக் கால் ஓடவில்லை என்று நானே கண்டுபிடித்தேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் தராசை எடுத்து மேசையில் வைத்தேன். காலை மாத்திரையோடு இரண்டு முட்டை. பால் பவுடர் போட்டுக் கெட்டியாக்கிய ஒரு டம்ளர் பால். ரொட்டி மேல் கடலை வெண்ணெய் முப்பது கிராம். பத்து மணிக்கு வேகவைத்த பயறு ஒரு கிண்ணம். நான் அதிகாலையில் கிளம்பும்போதே எல்லாவற்றையும் எடை போட்டு மூடி வைத்துவிடுவேன். ஒரு மாதத்தில் மாமா ஓட்டப்பந்தயத்துக்கே போவார் என்று நினைத்தேன்.

பத்து நாளில் மாமா ஒன்றரைக் கிலோ ஏறினார். கால் மட்டும் ஆணி அடித்தது போல நின்றது. "மாப்ள, கால் தரையோட ஒட்டிக்கிச்சு" என்றார். நான் மூன்றாவது முட்டையைச் சேர்த்தேன்.

இதற்குள் செய்தி கட்டடம் முழுக்கப் பரவிவிட்டது. ஆளுக்கொரு வைத்தியம். ஒருவர் செம்பு டம்ளர் கொடுத்தார். இன்னொருவர் கேரட் சாற்றை வாளி கணக்கில் கொண்டுவந்து வைத்தார். என் பேக்கரி முதலாளி ஒரு காந்த வளையல் தந்தார். அதை மாட்டிக்கொண்டு மாமா சூப் குடிக்க உட்கார்ந்தால் ஸ்பூன் வாய்க்குப் போகாமல் வளையலில் போய் ஒட்டிக்கொண்டது. அதைப் பிய்த்தெடுக்கும் போராட்டத்தில் மூன்று பேருக்கும் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம். நடை ஒரு அடி கூடவில்லை. ஆனால் அத்தை போன பிறகு மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கடைசியாக மாடிவீட்டம்மா பூனைக்காலி விதைப் பொடியைக் கொண்டுவந்தார். "வெறும் வயித்துல குடுங்க தம்பி. அப்புறம் பாருங்க வேடிக்கைய."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மாத்திரையோடு இருபது கிராம் கரைத்துக் கொடுத்தோம். முட்டை, பால் எதுவும் இல்லை. வேடிக்கை பார்க்கத்தான் கிடைத்தது. முக்கால் மணி நேரத்தில் மாமா எழுந்தார். கதவைத் தாண்டினார். செருப்புகளை வரிசையாக அடுக்கினார். திரும்பவும் அடுக்கினார். ஜன்னல் திரையை மூன்று முறை திறந்து மூடினார். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவி கைதட்டினாள், நான் விசிலடித்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் தோள் தானாக ஆட ஆரம்பித்தது. பிறகு தலை, பிறகு இடுப்பு. "நான் ஆடலம்மா, அதுவா ஆடுது, நிறுத்து" என்றார். கைதட்டல் நின்றுபோனது.

அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். மாலைக்குள் ஆட்டம் அடங்கியது. மறுநாள் டாக்டரம்மா எங்களை வரிசையாக உட்கார வைத்தார்.

"அந்த விதையில இருக்கிறதும் இந்த மாத்திரையில இருக்கிற அதே சரக்குதான். பொடியில எவ்வளவு இருக்குன்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணு மேல ஒண்ணு ஏத்தினா உடம்பு என்ன பண்ணும்? இனிமே என்னைக் கேக்காம கூட்டறதும் இல்ல, கொறைக்கறதும் இல்ல, சேக்கறதும் இல்ல."

நான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டேன். அவர் விடவில்லை. "வெறும் வயித்துல குடுத்தீங்களா?"

"ஆமா டாக்டர்."

"அப்ப மாத்திரையும் அன்னைக்கு வெறும் வயித்துலதான் போச்சு. மத்த நாள் மாத்திரையோட என்ன தருவீங்க?"

நான் பெருமையாகச் சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து கிராம் கிராமாக வாசித்தேன். மூன்றாவது முட்டைக்கு வரும்போது டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். முட்டை, பால், பயறு இவற்றில் இருக்கும் புரதமும் இந்த மாத்திரையும் உடம்புக்குள் போவது ஒரே வாசல் வழியாகத்தானாம். இரண்டையும் ஒன்றாகக் கொடுத்தால் புரதம் முந்திக்கொள்ளுமாம்.

மாமாவுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. "ஒரே கதவு பஸ்ஸு. மாப்ள முட்டையையும் பாலையும் முதல்ல ஏத்திட்டாரு. மாத்திர படியில தொங்கிட்டு வருது."

இத்தனை நாளும் அவரைக் கட்டிப் போட்டது என் தராசுதான். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது என் மனைவி என் காதில் சொன்னாள்: "கவலப்படாதீங்க. மூணாவது முட்டைய நான் அண்ணன்கிட்ட சொல்ல மாட்டேன்." சொல்லிவிட்டு நான்கு நிறுத்தம் வரை சிரித்தாள்.

புது ஏற்பாடு வந்தது. மாத்திரை முதலில், தண்ணீரோடு. அரைமணி, முக்கால் மணி கழித்துத்தான் சாப்பாடு. காலையிலும் மதியமும் ரொட்டி, கஞ்சி, பழம், காய். முட்டை, மீன், பயறு எல்லாம் சாயங்காலத்துக்கு. "புரதத்தை நிறுத்தச் சொல்லல, நேரத்த மாத்தச் சொல்றேன்" என்று டாக்டரம்மா இரண்டு முறை சொல்லி அனுப்பினார். நாலே நாளில் மாமா காலை முழுக்க ஓரளவு நடமாடினார். ஆனால் அந்தக் கதவடி மட்டும் விடவில்லை. அங்கே வந்ததும் கால் நின்றுவிடும். தேதியோ ஓடிக்கொண்டிருந்தது.

நடைப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒரு வழி சொன்னாள். "தரையில குறுக்க கோடு இருந்தா, அதைத் தாண்டணும்னு மூள காலை எடுத்து வைக்கும். கலர் டேப் ஒட்டினாப் போதும்."

டேப் என்ற சொல்லே என் மனைவி காதில் விழவில்லை. கோடு என்றது விழுந்தது. நான் மதியம் பேக்கரியிலிருந்து வந்தபோது வீடு முழுக்கப் பெயிண்ட் வாடை. ரயில்பெட்டி போல நீளமான வீடு எங்களுடையது. படுக்கையறையிலிருந்து வாசல் வரை எட்டு மீட்டர் நடைவழி. அதில் குறுக்கே எட்டு வெள்ளைக் கோடுகள், அரை மீட்டர் கோடு, அரை மீட்டர் இடைவெளி. சாலைக்குப் போடும் அதே பெயிண்ட். போதாததற்கு, வண்டி வெளிச்சத்தில் மின்னுவதற்காகத் தூவும் கண்ணாடி மணிகளையும் தூவியிருந்தாள். விளக்கைப் போட்டேன். நடைவழி ஜெகஜ்ஜோதியாக மின்னியது.

"எப்படி?" என்றாள். வாயெல்லாம் பல்.

காய்ந்ததும் மாமாவை அழைத்து வந்தோம். படுக்கையிலிருந்து எழுந்து நன்றாகத்தான் வந்தார். கதவடியில் இருந்த முதல் கோட்டருகே வந்தார். நின்றார். வலது கால் மட்டும் தரையை அழுத்தியது.

"என்னப்பா?"

"நடக்கிறவங்க போகட்டும்."

"யாருமே இல்லையேப்பா."

"இல்லாட்டியும் நின்னு பாத்துத்தான் எடுக்கணும்."

எனக்குச் சிரிப்பு முட்டியது. அவளைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. அவள் அடுப்படிக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். "முப்பத்து நாலு வருஷமா அவரு பிரேக் போட்ட இடத்தக் கொண்டாந்து வீட்டுக்குள்ள போட்டுட்டேங்க" என்றாள். முன்பு ஒரு கதவடியில்தான் நின்றார். இப்போது எட்டு இடத்தில் நின்றார். சுரண்டிப் பார்த்தோம், தின்னர் ஊற்றிப் பார்த்தோம். கோடு அசையவில்லை. மூன்று மழைக்காலம் தாங்கும் என்று ஊரெல்லாம் பெருமையடித்த பெயிண்ட் அது. கைகொட்டிச் சிரிக்க வேண்டிய விஷயம்தான், ஆனால் அன்று நாங்கள் இருவரும் அழுதோம்.

அந்த வாரம் மாமாவைப் பார்க்க அவருடைய பழைய கண்டக்டர் வந்தார். இருபது வருஷம் ஒரே பஸ்ஸில் இருந்தவர்கள். நடைவழியைப் பார்த்தார். முதல் கோட்டில் நின்ற மாமாவைப் பார்த்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. சாவிக்கொத்தில் இருந்த விசிலை எடுத்து, இரண்டு முறை ஊதினார்.

மாமாவின் கால் எழுந்தது. கோட்டைத் தாண்டினார்.

அடுத்த கோட்டில் நின்றார். இரண்டு விசில். போனார். இப்படியே எட்டு நிறுத்தம், எட்டு டபுள் விசில். வாசற்கதவைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்து, "லேட்டா கண்டக்டரே?" என்றார். "ரெண்டு நிமிஷம் முன்னாடியே வந்துட்டோம் டிரைவரே" என்றார் அவர். என் மனைவி அந்த மனிதருக்குச் சாப்பாடு போட்டாள் பாருங்கள், மனிதர் எழுந்திருக்கவே ஆள் பிடிக்க வேண்டியிருந்தது.

கண்டக்டர் விசிலை மாமா கழுத்திலேயே மாட்டிவிட்டுப் போனார். மாமா தானே ஊதி, தானே நடந்தார். ஊதுவது மூச்சுக்கும் நல்லது என்று டாக்டரம்மாவும் சந்தோஷப்பட்டார். வீட்டுக்குள் பஸ் விட்டிருக்கிறார்களா என்று மாடிவீட்டம்மா மட்டும் கேட்டனுப்பினார்.

கெடு நாள் வந்தது. அன்று நான் பேக்கரிக்கு லீவு சொல்லியிருந்தேன். பதினோரு மணிக்கு வருகிறேன் என்ற மச்சான் ஒன்பதே காலுக்கு வந்து நின்றார். மாமா மாத்திரை போட்டுக் கால் மணிதான் ஆகியிருந்தது. அது வேலை செய்ய இன்னும் முக்கால் மணியாவது வேண்டும். என் மனைவி கண்ணாலேயே என்னை அடுப்படிக்குத் தள்ளினாள். மாமாவுக்குக் காலையில் மறுக்கப்பட்ட முட்டைகள் அத்தனையும் மச்சானுக்கென்று வெந்தன.

"போதும் மாப்ள."

"இன்னும் ஒண்ணு மச்சான். இளைச்சுப் போயிட்டீங்க."

ஐந்தாவது முட்டையை அவர் திகிலோடு உரித்துக்கொண்டிருந்தபோது படுக்கையறையிலிருந்து விசில் கேட்டது. இரண்டு முறை.

மாமா வந்துகொண்டிருந்தார். கதவடியில் நின்றார், ஊதினார், தாண்டினார். கோட்டில் நின்றார், ஊதினார், தாண்டினார். மச்சான் வாயில் முட்டையோடு எழுந்து நின்றார். வாசற்கதவு வரை போய், திரும்பி, படுக்கை வரை போய் உட்கார்ந்தார் மாமா. யாரும் பிடிக்கவில்லை.

மச்சான் தண்ணீர் குடித்தார். "வீட்டுக்குள்ள சரிதான். ஒரு நாள் கதவத் தொறந்து வெளிய போயிட்டா?"

"ரோடு பேச்சுலயே இல்லண்ணே!" என் மனைவிக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "எட்டு மீட்டர்ன்னீங்க. போய்ட்டு வந்துட்டாரு. இப்ப ரோடுங்கிறீங்க, அப்புறம் மலை ஏறச் சொல்லுவீங்களா?"

இவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது மறுபடி விசில் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வாசற்கதவு திறந்து கிடந்தது.

ஓடினோம். மாமா நடைபாதை விளிம்பில், மகள் போட்ட ஜீப்ரா கோட்டின் முன்னால் நின்றிருந்தார். வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து ஒரு பஸ் வந்தது. அவரைப் பார்த்ததும் டிரைவர் கோட்டுக்கு முன்னால் அழகாக நிறுத்தினார்.

மாமா பஸ்ஸைப் பார்த்தார். டிரைவர் மாமாவைப் பார்த்தார். நடக்கிறவர் போகட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தன, ஹார்ன் அடித்தார்கள். மாமா நடுங்கும் கையால் விசிலை வாய்க்குக் கொண்டுபோனார். உதடு வறண்டு காற்றுதான் வந்தது. இன்னொரு முறை ஊதினார். அதுவும் காற்று. என் மனைவி ஓர் அடி எடுத்து வைத்தாள், யாரும் பிடிக்கக் கூடாது என்பது நினைவுக்கு வந்து என் கையைப் பிடித்து நெரித்தாள். எனக்கு உயிரே போனது.

மாமா விசிலைக் கீழே விட்டார். திரும்பவில்லை. மெல்லிய குரலில் கேட்டார்:

"எல்லாரும் ஏறிட்டாங்களாடா?"

மச்சானுக்கு ஐம்பது வயது. ஊரில் உள்ள அலுவலகமெல்லாம் பயப்படும் அதிகாரி. நடுத்தெருவில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார்:

"ஏறியாச்சுப்பா! ரைட்! போலாம் ரைட்!"

மாமாவின் கால் எழுந்தது. ஒரு கோடு, இரண்டு கோடு. எங்கும் நிற்கவில்லை. பாதி வழியில் தலையைத் திருப்பி, தனக்காக நின்ற டிரைவருக்குக் கையை உயர்த்தினார். கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. டிரைவரும் கையை உயர்த்தினார். எத்தனை லட்சம் பேருக்காக நின்றவர் மாமா. அவருக்காக ஒரு பஸ் நின்று நான் பார்த்தது அன்றுதான்.

மாமா எதிர்ப் பக்கம் ஏறியதும் மச்சானுக்குப் பொறுக்கவில்லை. "அங்கயே நில்லுங்கப்பா, வர்றேன்!" என்று வண்டிகளுக்கு நடுவே குறுக்கே பாய்ந்தார்.

"டேய்!" மாமாவின் தொண்டையில் அவ்வளவு சத்தம் மிச்சமிருக்கும் என்று எங்களுக்குத் தெரியாது. "கோட்டுல வாடா! உன் தங்கச்சி எதுக்குப் போட்டு வச்சிருக்கா?"

மச்சான் அப்படியே பின்வாங்கினார். ஜீப்ரா கோட்டுக்குப் போய், இரண்டு பக்கமும் பார்த்து, அடக்கமாகக் கடந்தார். திரும்பி வரும்போது விசில் அவர் வாயில் இருந்தது. மாமா முன்னால், அவர் பின்னால். ஒவ்வொரு கோட்டுக்கும் ஊதினார், தேவையே இல்லாத இடத்திலும் ஊதினார். என் மனைவி நடைபாதையில் உட்கார்ந்து சிரித்தாள், கண்ணிலிருந்து நீர் கொட்டிக்கொண்டே இருந்தது.

மதியம் மச்சான் போன பிறகு தட்டுகளைக் கழுவ எடுத்தேன். முட்டை ஓடுகளைக் குவிக்க எதையோ விரித்திருந்தார். பார்த்தால் அந்த முதியோர் இல்லத்து விண்ணப்பம். அவர் அதைக் கேட்டு வரவே இல்லை. விசிலைத்தான் மறந்துபோய்க் கழுத்தோடு கொண்டுபோய்விட்டார், ஞாயிற்றுக்கிழமை தருகிறேன் என்று போன் செய்தார்.